ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராஃபிக்ஸ், 24,999 ரூபாய்: நம்பி வாங்கலாமா?

8 ஜூன் 2025, காலை (கேள்வி)

கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கம் மஞ்சள் வெள்ளாமை. அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கோவையில் இன்ஜினியரிங் சேரப் போகிறான். கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. கோர் ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, கலர் லைட் எரியும் கேபினெட், 22 இஞ்ச் மானிட்டர், எல்லாம் சேர்த்து 24,999. மற்ற கடைகளில் ஐம்பதாயிரத்துக்குக் குறைந்து பேச்சே இல்லை. மாப்பிள்ளை விளையாடுவது வேலரன்ட், ஜிடிஏ 5. நம்பி வாங்கலாமா?

8 ஜூன், இரவு (பதில்)

பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறவன். பதினேழு வருடமாக இதுதான் வேலை. "காட்டன் துணி, நல்ல கனம்" என்று மட்டும் எழுதி ஒரு லோடு வந்தால் நாங்கள் இறக்கவே மாட்டோம். எத்தனையாம் நம்பர் நூல், நன்றாகச் சீவிய கோம்டா சாதாரண கார்டடா, என்ன ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) என்று கேட்போம். சொன்ன பிறகும் அதை அப்படியே ஏற்பதில்லை. வட்டக் கட்டரை வைத்து 100 சதுர சென்டிமீட்டர் வெட்டித் தராசில் போடுவோம். 1.8 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். 1.6 வந்தால் வண்டி திரும்பிப் போகும்.

உங்கள் விளம்பரத்தில் இருப்பது "காட்டன் துணி, நல்ல கனம்" மட்டும்தான். ஐ7 என்பது இன்டெல் 2008 முதல் எத்தனையோ தலைமுறைப் பிராசஸர்களுக்கு வைத்த பெயர். அதற்குப் பின்னால் வரும் நம்பர்தான் விஷயம். 2600 என்றால் 2011 சரக்கு. 3770 என்றால் 2012. 4770 என்றால் 2013. 24,999 ரூபாய்க்கு மானிட்டரோடு ஐ7 கொடுக்கிறார்கள் என்றால் அது இந்த மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கடைக்காரரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். பிராசஸரின் முழு நம்பர் என்ன? மதர்போர்டு என்ன மாடல்? கிராஃபிக்ஸ் கார்டின் முழுப் பெயர் என்ன? ரேம் ஒரு குச்சியா, இரண்டா? எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பாகம்) என்ன கம்பெனி, என்ன மாடல்? பதிலை எழுதி வாங்குங்கள்.

9 ஜூன்

கடைக்காரரிடமிருந்து பதில் வந்துவிட்டது. ஐ7-3770, எச்61 போர்டு, ஜிடி 730 கார்டு. ரேம் "16 ஜிபிங்க, அவ்வளவுதான்". எஸ்எம்பிஎஸ் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் கேபினெட்டோடயே வந்துருங்க" என்றாராம்.

3770 நான்கு கோர் (கணக்குப் போடும் மூளை), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் பார்க்கும் வேலை). 2022இல் வந்த ஐ3-12100எஃப் பிராசஸரும் நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் பத்து வருட இடைவெளியில் ஒவ்வொரு கோரின் வேகமும் ஏறிவிட்டது. புது ஐ3 இந்தப் பழைய ஐ7-ஐ வெகு எளிதாக முந்திவிடும். 3770இல் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பும் கிடையாது. இன்டெல்லில் அது 2013இல் நான்காம் தலைமுறையோடுதான் வந்தது. இப்போது வரும் சில கேம்கள் அது இல்லாமல் திறக்கவே திறக்காது.

அப்புறம் வேலரன்ட். விண்டோஸ் 11இல் அதை ஓட்ட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதியும் இருந்தாக வேண்டும். 3770 விண்டோஸ் 11க்கான பட்டியலிலேயே இல்லை. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பட்டியல். ஆகவே விண்டோஸ் 10இலேயே இருக்க வேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது. மாப்பிள்ளை முதல் செமஸ்டர் எழுதுவதற்குள் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும்.

10 ஜூன்

ஜிடி 730 பற்றி நேற்று எழுதவில்லை. கை வரவில்லை.

2019 தீபாவளிக்கு போனஸ் வாங்கிய கையோடு என் மகனுக்கு ஒரு செட் வாங்கினேன். அவன் அப்போது எட்டாம் வகுப்பு. 31,000 ரூபாய். "4 ஜிபி கிராஃபிக்ஸ்" என்று கடையில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு ஜிபி தெரியும், கார்டு தெரியாது. 4 ஜிபி என்றால் 2 ஜிபியை விட நல்லது என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மாட்டி, கேம் ஏற்றி, ஆன் செய்தான். படம் நின்று நின்று நகர்ந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "பரவாயில்லீங்கப்பா, சின்னதா வெச்சு ஆடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு ரெசல்யூஷனைக் குறைத்துக்கொண்டான். அப்படியே இரண்டு வருடம் விளையாடினான். ஒரு நாள்கூடக் குறை சொல்லவில்லை. அந்தப் "பரவாயில்லீங்கப்பா"வுக்காகத்தான் இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன்.

ஜிடி 730, 2014இல் வந்த கார்டு. வந்த காலத்திலேயே அது கேம் கார்டு இல்லை. படம் பார்க்கவும் இரண்டாவது மானிட்டர் மாட்டவும் ஆனது. அதில் 4 ஜிபி மெமரி வைத்தாலும் அந்த மெமரி டிடிஆர்3, வேகம் குறைந்த வகை. சின்னக் குழாயில் பெரிய தொட்டியை இணைத்தது போல; தொட்டி நிறைந்திருந்தாலும் குழாய் விடும் அளவுதான் தண்ணீர் வரும்.

12 ஜூன்

கார்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான்.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3050 என்று எழுதியிருந்தால் எது என்று கேட்க வேண்டும். 2022 ஜனவரியில் வந்தது 8 ஜிபி: 2560 கோர், 128 பிட் மெமரி பாதை, 130 வாட். 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜிபி: 2304 கோர், 96 பிட், 70 வாட். மெமரி மட்டும் 2 ஜிபி குறைந்தது என்று நினைப்போம். கார்டே வேறு. ஆனால் அட்டைப்பெட்டியில் இரண்டிலும் 3050தான். 6 ஜிபி கார்டை மோசம் என்று சொல்லவில்லை. அது பெரும்பாலும் தனி பவர் வயர் இல்லாமல் ஓடும். சின்ன எஸ்எம்பிஎஸ் உள்ள பெட்டிக்கு அது வரப்பிரசாதம். 8 ஜிபி விலையைக் கொடுத்து 6 ஜிபியைத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்தால் போதும்.

இதே வேலை முன்பும் நடந்திருக்கிறது. 2016இல் ஜிடிஎக்ஸ் 1060 வந்தபோது 6 ஜிபியில் 1280 கோர், 3 ஜிபியில் 1152. ஜிடி 1030இல் இன்னும் மோசம். 2017இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. நொடிக்கு 48 ஜிபி கடத்தும். அடுத்த வருடம் டிடிஆர்4 மெமரியோடு அதே பெயரில் ஒன்று வந்தது, நொடிக்கு 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்று ஒன்று, 2022இல் ஏஎம்டி கம்பெனி விட்டது. 4 ஜிபி. போர்டோடு பேச அதற்கு நான்கே லேன் (பாதை). பிசிஐஇ (கார்டைப் போர்டில் செருகும் இணைப்பு) 4.0 போர்டில் மாட்டினால் ஓரளவு சமாளிக்கும். 3.0 போர்டில் மாட்டினால் அந்தப் பாதையும் பாதியாகிவிடும். 4 ஜிபி நிறைந்த உடனே திணறும். ரைசன் 5 5500, 5600ஜி இரண்டும் 3.0 மட்டுமே கொடுக்கும் பிராசஸர்கள். ஆனால் ரெடிமேட் செட்டுகளில் "ரைசன் 5 + 6500 எக்ஸ்டி" என்று ஜோடி சேர்த்து விற்கிறார்கள். ஜோடிப் பொருத்தம் பார்க்காமல் கட்டி வைத்த கதை.

இன்னொன்று, "8 ஜிபி ஷேர்டு கிராஃபிக்ஸ்". விண்டோஸ் இருக்கிற ரேமில் பாதியை ஷேர்டு மெமரி என்று கணக்குக் காட்டும். 16 ஜிபி ரேம் இருந்தால் 8 ஜிபி என்று காட்டும். தனிக் கார்டு எதுவும் இல்லாத பெட்டியிலும் காட்டும். அதையே விளம்பரத்தில் கார்டு போல எழுதிவிடுகிறார்கள்.

13 ஜூன்

ஒரு திருத்தம். ஜிடி 730இன் மெமரி டிடிஆர்3 என்று 10ஆம் தேதி பொதுவாக எழுதிவிட்டேன். ஜிடிடிஆர்5 மெமரியோடும் அந்தக் கார்டு வந்திருக்கிறது என்று ஈரோட்டு நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான். ஆனால் 4 ஜிபி என்று போட்டு விற்பதில் நான் கையில் எடுத்துப் பார்த்ததெல்லாம் டிடிஆர்3. எப்படியானாலும் முடிவு மாறாது, கேமுக்கு வேண்டாம்.

15 ஜூன்

ரேம். 16 ஜிபி ஒரே குச்சியா, 8+8ஆ என்று கேட்டாக வேண்டும். இரண்டு குச்சி போட்டால் இரண்டு சேனல், கடத்தும் அளவு இரட்டிப்பு. தனிக் கார்டு இருந்தால் வித்தியாசம் கொஞ்சம் தெரியும். பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள 5600ஜி மாதிரியில் பட்டவர்த்தனமாகத் தெரியும், ஏனென்றால் அதற்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் நம்பியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கம் போனால் வேகமும், எத்தனை ஸ்லாட் நிறைந்திருக்கிறது என்பதும் தெரியும். 3200 என்று விற்ற ரேம் 2400 அல்லது 2666இல் ஓடிக்கொண்டிருந்தால் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பி (ரேமைச் சொன்ன வேகத்தில் ஓட்டும் வசதி) போடவில்லை என்று அர்த்தம். ஒரு நிமிட வேலை. கடையிலேயே போடச் சொல்லுங்கள்.

18 ஜூன்

"எஸ்எம்பிஎஸ் எதற்கு இவ்வளவு முக்கியம், கரண்டைத்தானே கொடுக்கிறது" என்று கோபிக்காரர் கேட்கிறார். இதைக் கேட்காமல் இருந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

என் மச்சான் வீடு சோமனூர் பக்கம். சுற்றிலும் தறி. 2020இல் ஊரடங்கு சமயம் அவனும் ஒரு ரெடிமேட் செட் வாங்கினான். "500 வாட்" என்று எஸ்எம்பிஎஸ் மேலே கட்டை விரல் அளவு எழுத்தில் எழுதியிருந்தது. ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. தறியெல்லாம் ஒரே சமயத்தில் கிளம்ப, வோல்டேஜ் இறங்கி ஏறியது. டப்பென்று ஒரு சத்தம், கருகிய வாசனை. எஸ்எம்பிஎஸ் போனது சரி, போகும்போது போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவன் மகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ எல்லாம் அந்த டிஸ்க்கில். என் தங்கச்சி இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரல் மாறும்.

செத்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பார்த்தேன். பெரிய எழுத்துக்குக் கீழே சின்னக் கட்டத்தில் +12 வோல்ட், 16 ஆம்பியர் என்று இருந்தது. பிராசஸரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டில்தான். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். மீதி வாட்டெல்லாம் மற்ற வோல்டேஜ்களில் கூட்டிக் காட்டிய கணக்கு. "500 வாட்" என்று சொல்லி 192 வாட் கொடுப்பதை எங்கள் ஊரில் துணியில் செய்தால் அந்த மில்லோடு கொடுக்கல் வாங்கல் அன்றோடு முடிந்தது.

ஐ5-12400எஃப் பிராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக 65 வாட், முழு மூச்சில் 117 வாட். அதோடு ஆர்எக்ஸ் 6600 கார்டு, 132 வாட். இரண்டும் சேர்ந்து 249. போர்டு, ஃபேன், டிஸ்க் என்று ஒரு 30 வைத்தால் 280 பக்கம். 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்கு மேல் உள்ள எஸ்எம்பிஎஸ் இருந்தால் நிம்மதி.

80 பிளஸ் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 20, 50, 100 சதவீத லோடில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது என்பதற்கான சான்று அது. விளம்பரத்தில் எஸ்எம்பிஎஸ் பெயரையே எழுதாமல் விட்டிருந்தால் காசைக் குறைத்த இடம் அதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள். போர்டு மாடல், எஸ்எம்பிஎஸ் மாடல், ரேம் எத்தனை குச்சி: இந்த மூன்றும் எழுதப்படாத விளம்பரத்தை நான் மேலே படிப்பதே இல்லை.

யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். சாதாரண 600 விஏ போதும்.

20 ஜூன்

யூபிஎஸ் பற்றி எழுதியது தப்பு. 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். பெட்டிக்குள் 280 வாட் செலவானால், எஸ்எம்பிஎஸ் 85 சதவீதத் திறனில் ஓடினாலும் சுவரிலிருந்து 330 இழுக்கும். மானிட்டருக்கு ஒரு 25. ஆக 355. நூலளவுதான் மிச்சம். பேட்டரி ஒரு வருடம் பழசானால் கரண்ட் போன அந்த நொடியே பெட்டி அணைந்துவிடும். 1000 விஏ வாங்குங்கள். கேமை நிறுத்தி, சேவ் செய்து, முறையாக அணைக்க நேரம் கிடைத்தால் போதும். ரொம்ப நேரம் விளையாட யூபிஎஸ்ஸை நம்ப வேண்டாம்.

80 பிளஸ் பற்றியும் மறுபடி யோசித்தேன். அந்த முத்திரை திறனைத்தான் அளக்கிறது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் தாங்குமா என்று அதில் தெரியாது. ஆனாலும் முத்திரை இல்லாததை விட இருப்பது மேல். கூடவே எத்தனை வருட வாரண்டி என்று பாருங்கள். ஐந்து வருடம் வாரண்டி கொடுக்கிறவன் உள்ளே ஏதோ நம்பிக்கையோடுதான் வைத்திருப்பான்.

22 ஜூன்

கேபினெட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

எங்கள் நிட்டிங் யூனிட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மாதம் ஒரு முறை திறந்தால் பிராசஸர் ஃபேன் மேலே பஞ்சு மெத்தை போலப் படிந்திருக்கும். காட்டன் ஃப்ளஃப். ஒரு தடவை மூன்று மாதம் விட்டுவிட்டோம். தானாகவே அணைந்து அணைந்து எழுந்தது. பிளோவர் வைத்து ஊதிய பிறகு ஒரு குறையும் இல்லை. ஊதும்போது ஃபேனைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்ற விடக் கூடாது.

கேமிங் கேபினெட் என்று முன்பக்கம் முழுக்க கண்ணாடி வைத்து, உள்ளே மூன்று லைட் ஃபேன் வைத்து விற்கிறார்கள். கண்ணாடி வழியாகக் காற்று எப்படிப் போகும்? ஈரோடு, கரூர் பக்கம் சித்திரையில் வெளியே 40 டிகிரி. அறைக்குள் 35. கார்டு உள்ளே தன் சூட்டையே திரும்பத் திரும்பக் குடிக்கும். சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் வெயில் காலத்தில் கிடைக்காது. முன்பக்கம் வலை போட்டது, கழற்றிக் கழுவுகிற ஃபில்டர் உள்ளது, அது போதும். லைட் எரியாவிட்டாலும் பரவாயில்லை. மாப்பிள்ளை இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டான் என்று தெரியும். அவனோடு நான் பேசுகிறேன்.

26 ஜூன்

விண்டோஸ் 10 பற்றி 9ஆம் தேதி எழுதியதில் இப்போது ஒரு மாற்றம். வீட்டுப் பயனாளர்களுக்கு இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் வரை, பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு பெறும் வழிகளை மைக்ரோசாஃப்ட் இந்த வாரம் அறிவித்திருக்கிறது. காசு கட்டாமல் பெறும் வழியும் இருக்கிறது. ஏற்கெனவே பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. புதிதாகக் காசு போட்டுப் பழையதை வாங்க இது காரணமாகாது.

29 ஜூன்

இரண்டு நாளாக ஒரு யோசனை. 24,999 விளம்பரத்தை வேண்டாம் என்று சொல்வது சுலபம். 25,000 மட்டுமே கையில் இருக்கிறவர் என்ன செய்வார்? கோபிக்காரர் எப்படியோ ஐம்பதைத் தொட்டுவிடுவார். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி, நல்ல போர்டு, 8+8 ரேம், நல்ல எஸ்எம்பிஎஸ், இப்படிக் கட்டலாம். வேலரன்ட், ஜிடிஏ 5 இரண்டும் செட்டிங்கைக் குறைத்தால் அதில் ஓடும். ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015இல். அதற்கு இது போதும். ஒரு வருடம் கழித்துக் கையில் காசு வந்தால் கார்டு வாங்கி அதே பெட்டியில் மாட்டலாம். எஸ்எம்பிஎஸ் முதலிலேயே நல்லதாக இருப்பதால் வேறு எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் 12ஆம் தேதி எழுதியதை நினைவில் வையுங்கள்: 5600ஜி பிசிஐஇ 3.0 மட்டும்தான், 6500 எக்ஸ்டி அதற்கு ஆகாது.

ரைசன் 5 5500, 5600 என்று இரண்டு இருக்கிறது. நூறுதானே வித்தியாசம் என்று தோன்றும். 5500இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரி) 16 எம்பி, 5600இல் 32 எம்பி. கேமில் இது நன்றாகவே தெரியும்.

6 ஜூலை

ஆடி பிறப்பதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று கோபிக்காரரின் அம்மா சொல்லிவிட்டாராம். ஆடித் தள்ளுபடி வரும், பொறுக்கலாமே என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். அம்மா அசையவில்லை. வருகிற ஞாயிறு கோவை காந்திபுரம் போகிறோம். நானும் திருப்பூரிலிருந்து வருகிறேன்.

பென்டிரைவில் மூன்று புரோகிராம் போட்டு வைத்திருக்கிறேன். சிபியூ-இசட் பிராசஸர், போர்டு, ரேம் விவரத்தைச் சொல்லும். ஜிபியூ-இசட் கார்டின் கோர் எண்ணிக்கை, மெமரி வகை, பிட் எல்லாம் சொல்லும். பழைய என்விடியா கார்டில் வேறு பெயரை ஏற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிகளையும் 2018இலிருந்து அது கண்டுபிடித்துக் காட்டுகிறது. மூன்றாவது கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் தெரியும். போன வருடம் எங்கள் கம்பெனிக்குப் "புதிது" என்று வந்த ஒரு செட்டில் 11,000 மணி நேரம் காட்டியது. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம்தான். அன்றைக்கே திருப்பி அனுப்பினோம்.

13 ஜூலை, இரவு

இப்போதுதான் வீடு வந்தேன். மாப்பிள்ளை நான் நினைத்ததைவிட விவரமான பையன். இந்தக் குறிப்புகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

முதல் கடையில் 49,500 சொன்னார்கள். ஐ5-12400எஃப், ஆர்டிஎக்ஸ் 3050, 16 ஜிபி. "எந்த 3050ங்க?" என்று பையனே கேட்டான். 6 ஜிபி. ரேம் ஒரே குச்சி. எஸ்எம்பிஎஸ் பார்க்கலாமா என்றதற்கு, "சைடைத் தொறந்தா வாரண்டி போயிருங்க தம்பி" என்றார் கடைக்காரர். அவனே என்னைப் பார்த்து, "போலாங்களா மாமா?" என்றான்.

இரண்டாவது கடைக்காரர் வேறு மாதிரி. பென்டிரைவை எடுத்ததும், "தாராளமா போட்டுப் பாருங்க. இப்படிப் பாத்து வாங்கற ஆளு நாளைக்கு வந்து சண்டை போட மாட்டாருங்க" என்றார். 53,000 ரூபாய் செட். அதே 12400எஃப், எச்610 போர்டு, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி. அதிலும் ரேம் ஒரே குச்சிதான். 400 ரூபாய் சேர்த்துக் கொடுத்து 8+8 ஆக்கிக்கொண்டோம். எச்610 போர்டில் இரண்டே ஸ்லாட். பின்னால் ரேம் கூட்ட வேண்டும் என்றால் இருப்பதைக் கழற்ற வேண்டிவரும். அதைச் சொல்லித்தான் வாங்கினோம். எஸ்எம்பிஎஸ் லேபிளைப் பையன் டார்ச் அடித்துப் படித்தான். +12 வோல்ட், 45 ஆம்பியர். மனக்கணக்கில் 540 என்றான். எஸ்எஸ்டி ஓடிய நேரம் 3 மணி. அது அவர்கள் விண்டோஸ் ஏற்றிய நேரம்.

கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். சூடேறிய பிறகு வேகம் குறைகிறதா என்று பார்க்கத்தான் அரை மணி. குறையவில்லை. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.

கேபினெட் முன்பக்கம் வலைதான். பின்னால் ஒரே ஒரு லைட் ஃபேன் கேட்டான், விட்டுவிட்டேன்.

14 ஜூலை

பில் பற்றி ஒருவர் கேட்டார். 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில்தான் வாங்கினோம். "கேமிங் பிசி 1 எண்ணம்" என்று ஒற்றை வரியில் வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகமும் தனி வரியில், சீரியல் நம்பரோடு இருக்க வேண்டும். கார்டுக்கு மூன்று வருடம் கம்பெனி வாரண்டி என்றால் அதைக் கேட்க அந்த நம்பர் வேண்டும். ஒற்றை வரி பில்லில் கடைக்காரர் கொடுக்கும் ஒரு வருடம் மட்டும்தான் கைக்கு வரும். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பதிலை எழுதி வாங்குங்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்; அவற்றை அழிக்காமல் வைத்திருங்கள்.

15 ஜூலை, காலை

விடிகாலையிலேயே போன். "மாமா, ஸ்கிரீனே வர மாட்டேங்குதுங்க." பையன் குரல் அழுகிற மாதிரி. கடையில் நன்றாக ஓடிய பெட்டி. வழியில் பஸ்ஸில் ஆட்டம் கண்டுவிட்டதோ என்று எனக்கும் ஒரு நிமிடம் பகீர் என்றது. வயரை எங்கே மாட்டியிருக்கிறாய், போட்டோ அனுப்பு என்றேன். மேலே போர்டில் இருக்கும் ஓட்டையில் மாட்டியிருக்கிறான். 12400எஃப்இல் அந்த "எஃப்" என்றால் பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது; போர்டு ஓட்டையில் படமே வராது. கீழே கார்டில் இருக்கும் ஓட்டைக்கு மாற்றச் சொன்னேன். வந்துவிட்டது. இதை 8ஆம் தேதியே எழுதியிருக்க வேண்டும்.

எஃப் இல்லாத பிராசஸர் என்றால் இன்னும் ஆபத்து. படம் வரும், கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கேம் மெதுவாக ஓடும். கார்டு சரியில்லை என்று நினைத்துக் கடைக்கு ஓடுவார்கள்.

3 ஆகஸ்ட், ஆடி 18

கோபிக்காரர் வீட்டில் எல்லோரும் கொடிவேரி அணைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு பையன் எனக்குப் போன் செய்தான். எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் காலேஜில் சேர்ந்த நண்பன் வீட்டில் பார்த்தது போல வழுவழுப்பாக இல்லை என்றான். நம் பையனுடைய மானிட்டரும் 144 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். 60. மூன்று வாரமாக 60இலேயே ஓட்டியிருக்கிறான். மாற்றினான்.

போனைக் கீழே வைக்காமலேயே விளையாட ஆரம்பித்துவிட்டான். பின்னால் அவன் அம்முச்சியின் (கோபிக்காரரின் அம்மா) குரல் கேட்டது: "இதென்ன கண்ணு, இன்னைக்குப் படம் தண்ணி மாதிரி போகுது?"